மூன்றாம் பரிசும் 5,050 வெள்ளியும்

2019ஆம் ஆண்டு ஜனவரி தொடங்கி ஆகஸ்ட் முடிய, உடல் எடையைக் குறைக்கிறேன் என்று நான் செலவழித்த தொகை 5,050 சிங்கப்பூர் வெள்ளி. அதில் ஒரு பங்கு உடற்பயிற்சிக் கூடத்துக்கும், ஒரு பங்கு புரத மாவு டப்பாக்களுக்கும், கடைசிப் பங்கு மருத்துவமனைக்கும் போயிற்று. என் கணவருக்கே முழுக் கணக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். சேமிப்பை எடுத்து ஏமாந்தவர்கள் வெளியே சொல்லத் தயங்குவதைப் போல நானும் தயங்கினேன். ஆனால் என்னை யாரும் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லவும் முடியாது. தொலைக்காட்சியில் பார்த்ததை நம்பி, நானாகவே நடந்து சென்று, நானாகவே கையெழுத்துப் போட்டேன். அப்போது யாராவது ஒருவர் என்னை உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கும் எடை பார்க்கும் கருவிக்கும் உள்ள உறவு தொடக்கப்பள்ளியிலேயே ஆரம்பித்தது. 1992இல் நம் பள்ளிகளில் பிள்ளைகளின் எடையைக் குறைக்க ‘டிரிம் அண்ட் ஃபிட்’ (TAF) என்ற திட்டத்தைக் கொண்டு வந்தார்கள். அதன் ஆங்கில முதலெழுத்துகளைத் தலைகீழாகப் படித்தால் ‘குண்டு’ என்று பொருள்படும் சொல் வரும். அதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. இடைவேளையில் மற்றவர்கள் மீ கோரெங் வாங்க வரிசையில் நிற்கும்போது நாங்கள் சிலர் மட்டும் திடலைச் சுற்றி ஓடுவோம். 2007இல் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். எனக்குள் அது நிற்கவில்லை. பலர் முன்னிலையில் எடைப் பலகையில் ஏறி நின்று, வரும் எண்ணுக்காகத் தலை குனிவதோ நிமிர்வதோதான் எடைக்குறைப்பு என்று பத்து வயதிலேயே என் மனம் எழுதி வைத்துக்கொண்டது. பின்னாளில் ‘தி பிகஸ்ட் லூசர்’ நிகழ்ச்சியைப் பார்த்தபோது எனக்கு அது புதிதாகத் தெரியாததற்கும், ஊர் திரும்பியதைப் போன்ற ஓர் உணர்வு வந்ததற்கும் இதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த நிகழ்ச்சி அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 2004இல் தொடங்கியது. மிகுந்த உடற்பருமன் உள்ளவர்களை வீட்டிலிருந்து பிரித்து, ஒரு பண்ணை வளாகத்தில் தங்க வைத்து, பயிற்றுநர்கள் கத்திக் கத்தி உடற்பயிற்சி செய்ய வைப்பார்கள். வாரக் கடைசியில் பெரிய மேடையில் எடை பார்ப்பார்கள். யார் தம் எடையில் அதிக விழுக்காட்டை இழந்தார் என்பதை வைத்துத் தரவரிசை அமையும், பின்தங்கியவர் வெளியேறும் நிலைக்கு வருவார், இறுதியில் வென்றவருக்கு 250,000 அமெரிக்க டாலர். 2018இல் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எடை ஏறி, யீஷூன் வீட்டில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல் பழைய பருவங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பேன். முறுக்கைக் கொறித்துக்கொண்டே பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இவை ஊக்கம் தருகின்றனவா என்று கேட்டால், ஆம், தந்தன. அதை மறுப்பது நேர்மையாக இருக்காது. இரண்டு வாரம் பார்த்த பிறகு, மின்தூக்கியை விட்டுவிட்டு எங்கள் புளோக்கின் ஒன்பது மாடிகளையும் படியேறத் தொடங்கினேன். இனிப்பான தே தாரிக் தேநீருக்குப் பதிலாகச் சர்க்கரை போடாத தே சி கோசோங் கேட்க ஆரம்பித்தேன். 180 கிலோ எடையுள்ள ஒருவர் அழுதுகொண்டே ஓடும்போது, ஏறத்தாழ அவரில் பாதி எடையே உள்ள எனக்கு என்ன தடை என்று தோன்றியது. அந்த நிலையிலேயே நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. படியேறியதில் மாதம் ஒரு கிலோ குறைந்தது. திரையில் ஒருவர் முதல் வாரத்திலேயே பத்துக் கிலோவுக்கு மேல் குறைத்திருந்தார். என் ஒரு கிலோ எனக்கு அவமானமாகப் பட்டது. ஊக்கம் தந்த அதே நிகழ்ச்சி என் அளவுகோலையும் மாற்றி வைத்துவிட்டது என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

2019 ஜனவரியில் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். விரதத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கியிருந்தது. அந்த உற்சாகத்தில் இருந்தபோதுதான், தனியார் உடற்பயிற்சிக் கூடம் ஒன்று நடத்தும் 12 வாரப் ‘உருமாற்றப் போட்டி’யின் விளம்பரம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லார் முன்னிலையிலும் எடை பார்ப்பார்கள். இழந்த விழுக்காட்டை வைத்துத் தரவரிசைப் பலகையில் பெயர் ஏறும். முதல் பரிசு 3,000 வெள்ளி ரொக்கம். தொலைக்காட்சி நிகழ்ச்சியின் நகல்தான் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது, நான் போனதும் அதற்காகத்தான். கட்டணம் 1,980 வெள்ளி, கடன் அட்டையில் ஆறு தவணை. அன்று என் எடை 81.4 கிலோ, உயரம் 157 சென்டிமீட்டர். கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். உடல்நலக் கேள்விகள் நான்கு வரி இருந்தன; மீதி ஒன்றரைப் பக்கம், எனக்கு என்ன நேர்ந்தாலும் அவர்கள் பொறுப்பல்லர் என்பதை வெவ்வேறு சொற்களில் சொன்னது. மருத்துவர் பார்த்தாரா என்று யாரும் கேட்கவில்லை. இப்படி ஒரு படிவத்தை நீட்டினால், கேள்விகள் எத்தனை வரி, பொறுப்புத் துறப்பு எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள். தொலைக்காட்சிப் போட்டியாளர்களுக்காவது அருகில் மருத்துவர் இருந்தார். எனக்கு இருந்தவர் இருபத்து நான்கு வயதுப் பயிற்றுநர் ஒருவர். நல்ல பையன், ஆனால் அவருக்குத் தெரிந்த மருத்துவமெல்லாம் ‘இன்னும் தண்ணீர் குடியுங்கள் அக்கா’ என்பதுதான்.

முதல் வாரத்தில் 4.1 கிலோ குறைந்தது. பலகையில் என் பெயர் இரண்டாம் இடத்தில் நின்றது. அன்றிரவு நான் தூங்கவே இல்லை. இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பதே என் தொழிலாக இருந்தும் இந்தக் கணக்கை நான் போடவில்லை. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. ஒரு வாரத்தில் ஐந்து கிலோ கொழுப்பு கரைய வேண்டுமென்றால் 38,500 கலோரி, அதாவது நாளுக்கு 5,500 கலோரி பற்றாக்குறை ஏற்பட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் என்னைப் போன்ற பெண்ணின் உடல் நாள் முழுவதும் செலவழிப்பதே 2,000 கலோரிக்குப் பக்கத்தில்தான். ஒரு வாரம் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் இரண்டு கிலோ கொழுப்புகூடக் கரையாது. அப்படியானால் அந்த 4.1 கிலோ எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி தண்ணீர். நாம் உண்ணும் மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது, ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரையும் சேர்த்தே பிடித்து வைத்துக்கொள்கிறது. சோற்றையும் தோசையையும் திடீரென்று நிறுத்தினால் அந்தச் சேமிப்புக் கரைந்து தண்ணீர் வெளியேறும். திரும்பச் சாப்பிட்டால் திரும்ப வந்துவிடும். 180 கிலோ உடம்பில் இந்தத் தண்ணீரும் அதிகம், நாள் செலவும் அதிகம். அதனால்தான் திரையில் எண்கள் அவ்வளவு பெரியதாக வருகின்றன. அது போதாதென்று, அந்த நிகழ்ச்சிகளில் பங்கேற்ற சிலர், இரண்டு எடை பார்ப்புகளுக்கு இடைப்பட்ட ‘வாரம்’ எப்போதும் ஏழு நாளாக இருந்ததில்லை என்று பின்னர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். படப்பிடிப்பின் வசதிக்கேற்ப நீண்ட வாரங்களை நான் யீஷூனில் உட்கார்ந்துகொண்டு என் ஏழு நாளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரம் 1.3 கிலோ. மூன்றாவது வாரம் 0.6. உண்மையில் அது மிக நல்ல வேகம். ஆனால் பலகையில் ஆறாம் இடத்துக்கு இறங்கிவிட்டேன். அங்கிருந்துதான் கெட்ட பழக்கங்கள் தொடங்கின. வியாழக்கிழமை மாலையிலிருந்து உப்பை நிறுத்துவது, வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பின் தண்ணீரை நிறுத்துவது, சனிக்கிழமைக் காலையில் நெகிழி உடுப்பைப் போட்டுக்கொண்டு மூடிய அறையில் வியர்ப்பது என ஒவ்வொன்றாகப் பழைய போட்டியாளர்களிடம் கற்றுக்கொண்டேன். யாரும் இவற்றைத் தவறு என்று நினைக்கவில்லை, தேர்வுக்கு முன்னால் மனப்பாடம் செய்வதைப் போல எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்க நிகழ்ச்சியின் முதல் பருவத்தில் வென்றவர், இறுதிச் சுற்றுக்கு முன் பட்டினி கிடந்து, உடலிலுள்ள நீரை வற்ற வைத்து, சிறுநீரில் இரத்தம் போகும் அளவுக்குப் போனதைத் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தக் காட்சி ஒளிபரப்பில் இல்லை. ஒரு பெண்மணி எனக்கு மட்டும் என்று சொல்லி ‘மெலிவுக் காப்பி’ பொட்டலம் ஒன்றை நீட்டினார். அதை மட்டும் நான் தொடவில்லை. 2002இல் ‘ஸ்லிம் 10’ மாத்திரையால் நம் ஊர் நடிகை ஒருவருக்குக் கல்லீரல் மாற்றம் செய்ய நேர்ந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. 2010இல் இங்கே சந்தையிலிருந்து விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, இத்தகைய காப்பியிலும் மாத்திரையிலும் கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்து வருகிறது. பொட்டலத்தில் ‘மூலிகை’ என்று எழுதியிருந்தால் அதை இன்னும் கூடுதலாகச் சந்தேகியுங்கள்.

ஏழாவது வாரத்தில், நாளுக்கு 800 கலோரியில் ஓடிக்கொண்டிருந்தபோது, ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் ரயில் மாறப் போகையில் கண் இருட்டி நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு மலாய் அம்மா தம் பையிலிருந்து மைலோ பொட்டலத்தை எடுத்துக் குழலைக் குத்திக் கொடுத்தார். அந்த நிலையிலும் என் மனம் அதில் எத்தனை கலோரி என்று பெட்டியின் பக்கவாட்டைப் படித்தது. பாதி குடித்துவிட்டு நன்றி சொல்லித் திரும்பக் கொடுத்தேன். அவர் என்னை எப்படிப் பார்த்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் நிச்சயமாகச் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் மயங்கி விழுவது வீரத்தின் அடையாளமாகக் காட்டப்பட்டதால், எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

சித்திரைப் புத்தாண்டு இறுதிச் சுற்றுக்கு ஆறு நாள் முன்னால் வந்தது. அம்மா தேக்கா சந்தையிலிருந்து வாழையிலை வாங்கி வந்து, மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம் என்று எல்லாம் செய்து வைத்திருந்தார். என் இலையில் வெள்ளரிக்காயும் அவித்த கோழி நெஞ்சும் இருந்தன, புத்தாண்டன்று சைவ இலையில் கோழி. அப்பா எழுந்து போய்விட்டார். அம்மா கோபப்படவில்லை, ‘உனக்கு என்னம்மா கேடு, நல்லாத்தானே இருந்தே’ என்று மட்டும் கேட்டார். அன்று என் ஏழு வயது மகள் பாயசக் கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டு, ‘அம்மா, இது ஃபேட்டனிங்கா?’ என்றாள். 12 வாரத்தில் நான் இழந்தவற்றிலேயே எடை போட முடியாதது அதுதான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பதோடு, பார்த்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன பேசுகிறீர்கள் என்பதையும் அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஏப்ரல் 20ஆம் தேதி இறுதிச் சுற்று. 66.9 கிலோ. மொத்தம் 14.5 கிலோ குறைத்து மூன்றாம் பரிசு வாங்கினேன். பரிசு, அதே கூடத்தில் மூன்று மாத இலவச உறுப்பியம். கைத்தட்டல் உண்மையானது, என் கண்ணீரும் உண்மையானது. ‘முன்’, ‘பின்’ படங்கள் எடுத்து அவர்களின் சுவரில் மாட்டினார்கள். அந்தப் ‘பின்’ படம் எடுத்த மறுநாள் மாலைக்குள் எனக்கு 2.4 கிலோ ஏறிவிட்டது, தண்ணீர் குடித்ததாலும் ஒரு தட்டு நாசி லெமாக் சாப்பிட்டதாலும். எந்த ‘முன்-பின்’ படத்தைப் பார்த்தாலும், அந்தப் ‘பின்’ எத்தனை மணி நேரம் நீடித்தது என்று கேட்கத் தோன்றுவது அன்றிலிருந்துதான்.

மே மாத இறுதியில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. திடீரென எடை குறைந்து இரண்டு மூன்று மாதங்களில் அப்படி ஆவது வழக்கமாம், பிறகு வளர்ந்துவிட்டது. வயிற்று வலிதான் பெரிது. எண்ணெய்ப் பண்டம் எதையாவது சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில், வலது பக்க விலா எலும்புக்குக் கீழே பிடித்து, முதுகு வழியாக வலது தோள்பட்டை வரை இழுக்கும். வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தேன், தைலம் தேய்த்தேன். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. ஜூலையில் ஓர் இரவு வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தபோது கணவர் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனார். பித்தப்பை நிறையக் கற்கள், அழற்சி. ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது, ‘அண்மையில் வேகமாக எடை குறைத்தீர்களா?’ என்றுதான். அந்தக் கேள்வியை ஜனவரியிலேயே யாராவது கேட்டிருந்தால் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. வேகமாக எடை குறையும்போது கல்லீரல் பித்தநீரில் வழக்கத்தைவிட அதிகக் கொலஸ்ட்ராலை வெளியேற்றுகிறது. சாப்பாட்டில் கொழுப்பே இல்லாதபோது பித்தப்பை சுருங்கித் தன்னைக் காலி செய்துகொள்ளும் வேலையையும் அடிக்கடி செய்வதில்லை. தேங்கி நிற்கும் பித்தநீரில் கல் விழுகிறது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடும் என்பது மருத்துவ உலகில் எப்போதோ தெரிந்த செய்தி. ஆகஸ்டில் பித்தப்பையை எடுத்தார்கள். மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் காப்புறுதியும் போக என் கையிலிருந்து 1,150 வெள்ளி. ஆகவே, விரைந்து எடை குறைத்தபின் வலது மேல்வயிற்றில் வலி வந்தால் ஓமத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

பிறகு எடை திரும்பி வந்தது. அது வந்த வேகம் எனக்குப் புரியவே இல்லை. முன்பு சாப்பிட்டதைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் நாள் முழுவதும் பசி. 2020 ஏப்ரலில் கொவிட்-19 கிருமிப் பரவலை முறியடிக்கும் நடவடிக்கை தொடங்கி வீட்டிலேயே அடைந்தோம். 2021 நடுப்பகுதியில் 86 கிலோ, தொடங்கிய இடத்தையும் தாண்டிவிட்டேன். என் மனவுறுதிதான் பழுது என்று நம்பினேன். அந்த நிகழ்ச்சி ஒவ்வொரு வாரமும் சொல்லித் தந்ததும் அதுதானே. அந்த நாட்களில் நள்ளிரவில் எதையோ தேடப் போய், அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினரின் ஆய்வைப் படித்தேன். 2009இல் ஒளிபரப்பான எட்டாம் பருவத்தின் போட்டியாளர்கள் 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து அழைத்துச் சோதித்திருந்தார்கள். போட்டி முடிவில் சராசரியாக ஒருவர் 58 கிலோ இழந்திருந்தார். ஆறு ஆண்டுகளில் அதில் 41 கிலோ திரும்பிவிட்டது. அதைவிட என்னை உலுக்கியது வேறு ஒன்று. அவர்களின் உடல், ஓய்வில் இருக்கும்போது எரிக்கும் ஆற்றல், அந்த எடைக்கும் வயதுக்கும் எதிர்பார்க்கத்தக்க அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது, அதுவும் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு. வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் லெப்டின் சுரப்பும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் உடலை யாரும் சோதிக்கவில்லை, அவர்களுக்கு நேர்ந்ததேதான் எனக்கும் நேர்ந்தது என்று என்னால் நிறுவவும் முடியாது. ஆனால் சோம்பேறித்தனம் என்ற ஒற்றைச் சொல்லால் என்னை நானே அடித்துக்கொள்வதை அன்றோடு நிறுத்தினேன். அந்த ஆய்வு வெளியான ஆண்டு 2016. நான் பணம் கட்டியது 2019. மூன்று ஆண்டுகளாக அந்தச் செய்தி அங்கேயேதான் இருந்திருக்கிறது. எனக்குக் கண்ணில் படுவதெல்லாம் இறுதிச் சுற்றுகளாகவே இருந்தன.

நேர்மைக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். 58இல் 41 போனால் மீதி 17 கிலோ. அது சின்ன எண் அல்ல. அதே குழுவினர் தொடர்ந்து செய்த ஆய்வில், உடலுழைப்பை அதிகமாகத் தக்கவைத்தவர்களுக்கு எடை திரும்பியதும் குறைவாக இருந்தது. ஆகவே அந்தப் போட்டியாளர்களின் முயற்சி முழுவதும் வீண் என்று சொல்ல மாட்டேன். நான் சொல்ல வருவது பார்வையாளரைப் பற்றி. பண்ணையில் வேலையும் குடும்பமும் இல்லாமல் நாளுக்குப் பல மணி நேரம் பயிற்சி செய்தவரின் ஏழு மாதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிக் காட்டினால், பார்ப்பவர் மனத்தில் தங்குவது அந்த எடைப் பலகை மட்டும்தான். 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இந்நிகழ்ச்சியின் ஒரே ஒரு பகுதியைப் பார்த்த மாணவர்களிடம்கூடப் பருமனானவர்கள்மீதான வெறுப்பும், எடை முழுக்க முழுக்க அவரவர் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையும் கூடியிருந்தன. கனடாவில் நடந்த இன்னோர் ஆய்வில், கடும்பயிற்சிக் காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு உடற்பயிற்சியின்மீதே மனம் கசந்திருந்தது. இரண்டாவது எனக்குப் பொருந்தாது. முதலாவது நன்றாகப் பொருந்தும். போட்டியின் உச்சத்தில் இருந்தபோது, ஒரு குடும்ப விருந்தில் என் அண்ணி இரண்டாவது முறை பிரியாணி போட்டுக்கொண்டதைப் பார்த்து முகம் சுளித்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். தைராய்டுக்கு மருந்து சாப்பிடுகிறவர். நான் மன்னிப்புக் கேட்க மூன்று ஆண்டுகள் ஆயின.

பணக் கணக்கையும் முடித்துவிடுகிறேன். போட்டிக்கு 1,980, தனிப்பயிற்சி பத்து அமர்வுக்கு 900, மாவும் மாத்திரையும் 640, இறுதிச் சுற்றுக்கும் அதற்குப் பின்னும் வாங்கி இன்று எதுவும் பொருந்தாத ஆடைகள் 380, மருத்துவமனை 1,150. தனிப்பயிற்சியில் நான்கு அமர்வுகளைப் பயன்படுத்தவே இல்லை. அறுவை சிகிச்சைக் கடிதத்தைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்டபோது, ஒப்பந்தத்தில் இடமில்லை என்றார்கள். 360 வெள்ளிக்காகப் பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதியிருக்கலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை, இரண்டு ஆண்டுக்குள் போனால் போதும். போகவில்லை, எடை திரும்பிய உடம்போடு போய் நிற்க வெட்கமாக இருந்தது. இந்த வெட்கத்தால் இலாபம் அடைபவர் யார் என்பதை யோசித்துப் பாருங்கள். பெரிய தொகுப்பாக ஒரே நேரத்தில் வாங்காமல், ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். தவணை என்று சொன்னால் மொத்தத் தொகையைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அமர்வுகள் மிஞ்சினால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆறு தவணை என்பதால் என் கணவரின் கண்ணில் ஒருமுறைகூட 1,980 என்ற எண் படவில்லை.

இப்போது என்ன செய்கிறேன் என்பதில் சுவையாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதனாலேயே எந்தத் தொலைக்காட்சியும் அதை எடுக்காது. 2023இல், குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் தொடங்கியபின் வீட்டருகிலுள்ள கிளினிக்கில் பதிந்துகொண்டேன். அந்த மருத்துவர் எடையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இடுப்புச் சுற்றளவையும் பார்த்தார். நம் போன்ற ஆசியப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது, உடல் எடைக் குறியீடு 27.5ஐத் தாண்டினாலே ஆபத்து அதிகம் என்றார். திரையில் பார்த்த அமெரிக்க உடல்களை வைத்து என்னை ஒல்லி என்றும் பருமன் என்றும் மாறி மாறி நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அதுவே புதிது. வாரம் இரண்டு நாள் ஆக்டிவ்எஸ்ஜி பொது உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குகிறேன், நான் போகத் தொடங்கியபோது ஒரு முறைக்கு இரண்டரை வெள்ளி. மற்ற நாட்களில் யீஷூன் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். சோறு சாப்பிடுகிறேன், தட்டில் காய் கொஞ்சம் கூடியிருக்கிறது. இரண்டரை ஆண்டுகளில் 86இலிருந்து 75க்கு வந்திருக்கிறேன். சில மாதங்களில் ஒன்றுமே குறைவதில்லை. அப்போது பழைய பதற்றம் எட்டிப் பார்க்கும். வீட்டிலிருந்த எடை பார்க்கும் கருவியை அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டோம். திருச்சிக்குப் போகும்போது பெட்டி முப்பது கிலோவைத் தாண்டியதா என்று பார்க்க மட்டும் இறக்குகிறோம்.

சென்ற மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி, கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டி, ‘அக்கா, பன்னிரண்டு வாரத்தில் இருபது கிலோவாம், சேரலாமா?’ என்றாள். தீபாவளிக்குள் அவளுக்கு நிச்சயதார்த்தம். சேராதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொன்னாலும் நான் அந்த வயதில் கேட்டிருக்க மாட்டேன். மூன்று கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்து, பணம் கட்டும் முன் அவர்களிடம் கேட்கச் சொன்னேன். போன ஆண்டு வென்றவர்கள் இன்று எத்தனை கிலோ? எடை பார்ப்பதற்கு முந்திய நாள் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று யாராவது சொல்வார்களா? பாதியில் உடம்புக்கு முடியாமல் போனால் மீதிப் பணம் வருமா? அவள் மின்னஞ்சலில் கேட்டாள். இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் பதில் வரவில்லை. முதல் கேள்விக்கு, முன்னாள் பங்கேற்பாளர்களின் விவரங்களைப் பகிர்வதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள், கூடவே இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் பத்து விழுக்காடு கழிவு என்றும். அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. நேற்று மதிய உணவுக்கு என்னோடு உணவங்காடி நிலையத்துக்கு வந்தாள். இரண்டு பேரும் தோசை சாப்பிட்டுவிட்டு அலுவலகத்துக்குப் படியேறிப் போனோம்.